ஆட்டோவுக்கு எந்த பேட்டரி? வாசகர் கேள்வி பதில்

பெட்ரோல் ஆட்டோ, லோடு வண்டி, மூன்று சக்கர மிதிவண்டி என்று கையில் இருப்பதை பேட்டரி வண்டியாக மாற்றுவது பற்றி நகரி, பள்ளிப்பட்டு, சித்தூர் பக்கத்து வாசகர்கள் கேட்டவற்றில் சில இங்கே. எல்லோரும் கேட்பது ஈயத் தகடும் ஆசிட்டும் கொண்ட லெட் ஆசிட் பேட்டரியைப் பற்றித்தான். பக்கத்துக் கடையிலேயே கிடைக்கிறது, கைக்காசுக்குள் முடிகிறது, பழுது பார்க்கவும் ஆள் இருக்கிறது. அதனால் அதைப் பற்றியே பேசுவோம்.

கேள்வி: அண்ணா, நகரியில் ஆட்டோ ஓட்டுகிறேன். புத்தூர், ஏகாம்பரகுப்பம் என்று ஒரு நாளைக்கு 70 கிலோமீட்டர் ஓடும். பழைய பெட்ரோல் ஆட்டோவை மாற்ற ஆசை. 12 வோல்ட் 100 ஏஎச் பேட்டரி நாலு போட்டால் 80 கிலோமீட்டர் ஓடும் என்று கடையில் கணக்குப் போட்டே காட்டினார்கள். நம்பி வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, பெருக்கலும் சரிதான். நாலு 12 வோல்ட் பேட்டரியை வரிசையாக இணைத்தால் 48 வோல்ட். அதை 100 ஏஎச்சால், அதாவது பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் ஆம்பியர் ஹவரால் பெருக்கினால், உள்ளே இருக்கும் மொத்த சக்தி 4,800 வாட் ஹவர். ஆட்டோவுக்கு கிலோமீட்டருக்கு 60 வாட் ஹவர் என்று வைத்தால் 80 கிலோமீட்டர் வருகிறது. ஆனால் அந்த 100 என்ற எண் எந்த வேகத்தில் இறக்கினால் கிடைக்கும் என்பதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

பேட்டரியின் ஸ்டிக்கரை ஒருமுறை கிட்டத்தில் பாருங்கள். 100 ஏஎச் என்று கொட்டை எழுத்தில் இருக்கும், அதன் பக்கத்திலோ கீழேயோ பொடி எழுத்தில் சி20 என்று இருக்கும். 20 மணி நேரம் எடுத்து மெதுவாக இறக்கினால் 100 கிடைக்கும் என்று அர்த்தம். அதாவது 5 ஆம்பியர் கரண்ட். உங்கள் ஆட்டோ 35 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இழுப்பது சுமார் 44 ஆம்பியர். வேகமாக இழுக்க இழுக்க பேட்டரி கொடுக்கும் மொத்த அளவே குறையும், இதை 1897-லேயே பாய்கெர்ட் என்ற ஜெர்மானியர் கணக்காக எழுதி வைத்துவிட்டார். தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரிக்கு அந்தக் கணக்கைப் போட்டால், 44 ஆம்பியரில் உங்கள் 100 ஏஎச் ஏறத்தாழ 58 ஏஎச் ஆகிவிடுகிறது. ஆட்டோ நடுநடுவே நின்று ஆள் ஏற்றி இறக்குவதால் கொஞ்சம் மீளும், அது உண்மைதான். ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது.

அந்த 58-ஐயும் முழுசாகக் காலி செய்யக் கூடாது. தினமும் ஒட்டத் துடைத்தால் பேட்டரி சீக்கிரம் போய்விடும், 80 சதவீதம் இறங்கியதும் நிறுத்த வேண்டும். அப்படிப் பார்த்தால் கையில் நிற்பது சுமார் 2,200 வாட் ஹவர், அதாவது 37 கிலோமீட்டர். இது புது பேட்டரிக்கு. நாள்பட்டு பேட்டரி தேய்ந்து, புதிதில் கொடுத்ததில் 80 சதவீதம் மட்டும் கொடுக்கும்போது, அதே நாலு பேட்டரியில் 30 கிலோமீட்டர்தான் வரும். ஆயுளின் கடைசிப் பகுதியிலும் உங்கள் ஓட்டத்துக்கு எட்டுகிற பேட்டரியைத்தான் இன்றைக்கு வாங்க வேண்டும்.

அப்படியானால் பெரிய பேட்டரி போடலாமே என்பீர்கள். போடலாம், அதில் ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. அதே 44 ஆம்பியரை 200 ஏஎச் பேட்டரியிடம் கேட்டால் அதற்கு அவ்வளவு சிரமம் இல்லை, சுமார் 138 ஏஎச் கொடுக்கும். இரட்டிப்பு பேட்டரிக்கு இரட்டிப்புக்கும் மேலான தூரம், 85 கிலோமீட்டர் பக்கம். இடைஞ்சல் எடையில் இருக்கிறது. நாலு பேட்டரியும் சேர்ந்தால் 200 கிலோவைத் தாண்டும், அதாவது மூன்று பயணிகளின் எடையை காலையிலிருந்து ராத்திரி வரை சும்மா சுமந்துகொண்டு ஓட வேண்டும். அச்சு, ஸ்பிரிங், பிரேக் எல்லாம் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

என் முடிவு இதுதான். 70 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு லெட் ஆசிட் வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கொண்டுவிட்டுக் கூட்டி வருவது, ஊருக்குள் மட்டும் ஓட்டுவது என்று ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டருக்குள் என்றால் ஈ-ரிக்‌ஷாவுக்கு என்றே வரும் 130, 140 ஏஎச் பேட்டரி நாலு போடுங்கள், காலம் தள்ளும். மத்தியானம் சாப்பிடப் போகும்போது சார்ஜ் போட்டுக்கொள்கிறேன் என்று நினைத்தால், 20 ஆம்பியர் சார்ஜரில் ஒரு மணி நேரம் போட்டால் 10, 12 கிலோமீட்டருக்குத்தான் வரும், அதற்கு மேல் அவசரப்படுத்த முடியாத பேட்டரி இது.

வாங்கப் போகும்போது ஒன்று செய்யுங்கள். ஒரே ஏஎச் போட்ட இரண்டு கம்பெனி பேட்டரியை ஆசிட் ஊற்றிய நிலையில் தராசில் வைத்துப் பாருங்கள். உள்ளே ஈயம் எவ்வளவோ அவ்வளவுதான் சரக்கு. எடை குறைவாக இருந்து ஏஎச் மட்டும் அதிகமாக அச்சடித்திருந்தால் அதைத் தொடாதீர்கள்.

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டில் இன்வர்ட்டருக்கு வைத்திருந்த இரண்டு 150 ஏஎச் டியூபுலர் பேட்டரிகள் மூன்று வருஷம் ஓடி இப்போது சும்மா கிடக்கின்றன. புதிதாக இரண்டு வாங்கிச் சேர்த்து 48 வோல்ட் ஆக்கி வண்டியில் போடலாமா? கார் பேட்டரி இன்னும் மலிவு, அதையே நாலு போடலாம் என்கிறான் மகன். – ஒரு இல்லத்தரசி, பள்ளிப்பட்டு

இரண்டுமே வேண்டாம் அம்மா. மகனிடம் முதலில் கார் பேட்டரி பற்றிச் சொல்லிவிடுங்கள். அது ஸ்டார்ட்டர் மோட்டாரை ஒரு சில நொடி சுற்றிவிடுவதற்காகச் செய்தது. அந்த நொடிகளில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் தள்ள வேண்டும் என்பதற்காக மெல்லிய தகடுகளாக நிறைய அடுக்கியிருப்பார்கள். காரில் அது எப்போதும் நிரம்பியே இருக்கும். வண்டி ஓட்ட அதைப் போட்டு தினமும் அடிமட்டம் வரை இறக்கினால், தகட்டில் பூசிய மருந்து உதிர்ந்து அடியில் சேறாகச் சேர்ந்துவிடும். சில மாதம் கூடத் தாங்காது. மலிவு என்று நாலு வாங்கி வருஷத்துக்கு மூன்று தடவை மாற்றினால் அது மலிவே இல்லை.

பழையதும் புதியதும் கலப்பது இதை விட மோசம். வரிசையாக இணைத்த நாலு பேட்டரி வழியாகவும் ஒரே கரண்ட்தான் ஓடும். பழைய இரண்டும் முதலில் காலியாகிவிடும், ஆனால் புதியவற்றில் இன்னும் சார்ஜ் இருப்பதால் வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். காலியான செல்லின் வழியாகத் தொடர்ந்து கரண்ட் போனால் அந்த செல்லின் பிளஸ் மைனஸே தலைகீழாகிவிடும், அதோடு அந்த செல் போச்சு. அப்புறம் சார்ஜ் போடும்போதும் தகராறு: பழையது சீக்கிரம் நிரம்பிக் கொதிக்கும், புதியது பாதியில் நிற்கும். ஆறு மாதத்தில் புதியதும் பழையதாகிவிடும். நாலும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே மாதத்தில் தயாரானது என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

டியூபுலர், அதாவது பிளஸ் தகடு குழாய் குழாயாக இருக்கும் வகை, நல்ல ஜாதி, அதில் சந்தேகம் இல்லை. ஆழமாக இறக்கி ஏற்ற அது தாங்கும். ஆனால் வீட்டு இன்வர்ட்டருக்கு வரும் உயர டியூபுலர் ஒன்றே 50 கிலோவுக்கு மேல் இருக்கும், உயரமாகவும் இருப்பதால் வளைவில் வண்டி ஆடும், ஆசிட் தளும்பும். கிடக்கும் இரண்டையும் எக்ஸ்சேஞ்சில் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடம் மட்டும் போட்டுவிடாதீர்கள். அடுப்பில் போட்டு ஈயத்தை உருக்கும் இடங்களுக்குப் போனால், அங்கே சுற்றி விளையாடும் குழந்தைகளின் ரத்தத்தில்தான் அந்த ஈயம் போய்ச் சேரும். பேட்டரி கம்பெனியே பழையதைத் திரும்பச் சேகரிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது.

கேள்வி: சார், சித்தூர் பக்கம் மாந்தோப்பு. தோப்புக்குள் கிளிமூக்கு மாங்காய் கூடை இழுக்க ஒரு குட்டி வண்டியை மாற்றினோம். மூடிய வகை பேட்டரி, தண்ணீர் ஊற்றத் தேவையில்லை என்றார்கள். சீசன் முழுக்க நன்றாக ஓடியது. அடுத்த சீசனுக்கு எடுத்தால் நாலும் செத்துக் கிடக்கிறது. வெயிலா, சார்ஜரா, கம்பெனி மோசமா?

கம்பெனியை விடுங்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் முதல் காரணம் சும்மா நின்றது. சீசன் முடிந்த அன்றைக்கு வண்டியைக் கொட்டகையில் விட்டபோது பேட்டரியில் எவ்வளவு மிச்சம் இருந்ததோ, அதே நிலையில் மாதக்கணக்கில் நின்றிருக்கிறது. லெட் ஆசிட் பேட்டரி இறங்கும்போது தகட்டில் ஈய சல்பேட் படியும். உடனே சார்ஜ் போட்டால் அது கரைந்து திரும்பிவிடும். அப்படியே விட்டுவைத்தால் கெட்டிப் படிகமாகி, எந்த சார்ஜருக்கும் அசையாது. இறங்கிய பேட்டரியை ஒரு ராத்திரிக்கு மேல் அப்படியே விடக் கூடாது. நிறுத்தி வைக்கும்போது முழுக்க ஏற்றி, மைனஸ் ஒயரைக் கழற்றி, மாதம் ஒருமுறை திரும்ப ஏற்றி வைக்க வேண்டும்.

அடுத்தது வெயில். பேட்டரியின் ஆயுள் என்று அச்சடிப்பதெல்லாம் 25, 27 டிகிரிக்குச் சொல்வது. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். சித்தூரில் மே மாதம் வெளியே 40 என்றால், தகரப் பெட்டிக்குள் அடைத்து மேலே சீட்டையும் போட்ட பேட்டரிக்கு எவ்வளவு என்று நீங்களே கை வைத்துப் பாருங்கள். பேட்டரிக்கும் பேட்டரிக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விடுங்கள், பெட்டியில் கீழேயும் மேலேயும் காற்றுப் போக ஓட்டை வேண்டும். ஓடி வந்த சூட்டோடு சார்ஜில் மாட்டாமல் ஒரு மணி நேரம் ஆறவிட்டு ராத்திரியில் போடுங்கள்.

சார்ஜர் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். 25 டிகிரியில் 48 வோல்ட் செட்டை 58.4 வோல்ட் வரை ஏற்றலாம் என்றால், 40 டிகிரியில் 57-லேயே நிறுத்த வேண்டும். சூட்டைப் பார்த்து வோல்டேஜைக் குறைக்கிற சார்ஜர் கடையில் கிடைக்கிறது, கொஞ்சம் விலை கூட. குறைக்காத சார்ஜர் என்றால் கோடை முழுக்க பேட்டரி உள்ளே கொதித்துத் தண்ணீரை இழந்துகொண்டே இருக்கும். தண்ணீர் ஊற்றும் வகை என்றால் அதைத் திருப்பி ஊற்றிவிடலாம், மூடிய வகைக்கு அந்த வழியே இல்லை. அதனால்தான் மூடிய வகையை வசதி என்று எல்லோரும் சொன்னாலும் உங்கள் ஊர் வெயிலுக்கு நான் தண்ணீர் ஊற்றும் பேட்டரியையே சொல்வேன்.

கேள்வி: பங்காருபாளையத்திலிருந்து மொகிலி காட் மலைப்பாதை ஏறி பலமநேர் சந்தைக்குத் தக்காளி கொண்டு போகிறேன். மூன்று சக்கர லோடு வண்டியை மாற்றினால் ஏறுமா அண்ணா?

ஏறும். எத்தனை நாள் ஏறும் என்பதுதான் கேள்வி. வண்டி, சரக்கு, ஆள் எல்லாம் சேர்ந்து 900 கிலோ என்றால், 100 மீட்டர் உயரம் ஏற மட்டுமே பேட்டரியிலிருந்து 320 வாட் ஹவருக்கு மேல் போய்விடும். சமதரையில் ஆட்டோ 5 கிலோமீட்டர் ஓடுகிற செலவு அது. அதை விடப் பெரிய தொல்லை கரண்ட். நூறு மீட்டருக்கு 5 மீட்டர் ஏறுகிற சரிவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போனாலே 48 வோல்ட் செட்டிலிருந்து 85, 90 ஆம்பியர் இழுக்கும். நகரி தம்பிக்குச் சொன்ன கணக்கு இங்கே இன்னும் கடுமையாகிவிடும். பேட்டரியில் பாதி சார்ஜ் மிச்சம் இருக்கும்போதே இழுப்பில் வோல்டேஜ் அமுங்கி 42-ஐத் தொட்டுவிடும், மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடும் கன்ட்ரோலர் அதை அறுத்துவிடும். தக்காளியோடு வளைவில் நிற்பீர்கள், பின்னால் லாரி வரும்.

லெட் ஆசிட்தான் என்று தீர்மானித்தால் 48-ஐ விட்டு 72 வோல்ட்டுக்குப் போங்கள், பேட்டரி ஆறு. அதே வேலைக்கு கரண்ட் மூன்றில் இரண்டு பங்காகக் குறையும், ஒயரும் மோட்டாரும் சூடாவதும் குறையும். இறக்கத்தில் பேட்டரிக்குக் கரண்ட் திரும்புகிற வசதி இருந்தாலும் அதை நம்ப வேண்டாம், லெட் ஆசிட் அவ்வளவு வேகமாக வாங்கிக்கொள்ளாது. பலமநேரில் முழுக்க சார்ஜ் போட்டுவிட்டு உடனே இறங்கினால் வாங்கவே இடம் இருக்காது. மனசில் பட்டதைச் சொல்கிறேன்: இந்தப் பாதைக்கு லித்தியம் ஃபெரோ பாஸ்பேட் என்ற லித்தியம் வகை பேட்டரி வாங்கப் பணம் சேரும் வரை பொறுங்கள்.

கேள்வி: பொதட்டூர்பேட்டையில் தறிக்குப் பாவு, நூல் மூட்டை கொண்டுபோகும் மூன்று சக்கர மிதிவண்டிக்கு 250 வாட் மோட்டார் போடப் போகிறேன். தினம் 25, 30 கிலோமீட்டர். என்ன பேட்டரி? போர் தண்ணீர் ஊற்றலாமா?

லெட் ஆசிட்டுக்கு ஏற்ற வேலை உங்களுடையதுதான். மெதுவான வண்டி, சமதரை, ராத்திரி முழுக்க சார்ஜ் போட நேரம். 200 கிலோ மூட்டையோடு கிலோமீட்டருக்கு 25 வாட் ஹவர் என்று வைத்தால் 30 கிலோமீட்டருக்கு 750. ஈ-பைக்குக்கு வரும் 12 வோல்ட் 28 ஏஎச் நாலு போட்டால் 1,344. பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் இறங்கும், நன்றாக உழைக்கும். இந்த வகையில் ஏஎச் பெரும்பாலும் 2 மணி நேரக் கணக்கில் எழுதப்பட்டிருக்கும், அதனால் ஸ்டிக்கரில் உள்ளது ஓரளவு அப்படியே கிடைக்கும். மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் என்று சோதனை நிறுவனத்தின் சான்று பெற்ற வண்டிக்குத்தான் பதிவு வேண்டியதில்லை. கொஞ்சம் பெரிய மோட்டார் போட்டுத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் அந்த எல்லையைத் தாண்டாதீர்கள்.

28 ஏஎச் மூடிய வகை, தண்ணீர் ஊற்றும் வேலையே கிடையாது. தண்ணீர் ஊற்றும் வகை வைத்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: போர் தண்ணீர் கூடவே கூடாது, வீட்டு ஆர்.ஓ. தண்ணீரும் வேண்டாம், இரண்டிலும் உப்பு உண்டு. டிஸ்டில்டு வாட்டர் மட்டும். சார்ஜ் ஏறி முடிந்த பிறகு ஊற்றுங்கள், முன்பே ஊற்றினால் ஏறும்போது பொங்கி ஆசிட்டோடு வெளியே வரும். ஆசிட் ஒருபோதும் சேர்க்கக் கூடாது, குறைவது தண்ணீர் மட்டுமே.

கேள்வி: புத்தூரிலிருந்து எழுதுகிறேன் சார். லித்தியத்தோடு ஒப்பிட்டால் எது லாபம்? ஆர்.சி.யில் ஏதாவது மாற்ற வேண்டுமா? தெரிந்த மெக்கானிக், கரண்ட் மீறினால் தானாக விழுகிற வீட்டு எம்.சி.பி. சுவிட்சையே வண்டிக்கும் போட்டால் போதும் என்கிறார், சரியா?

லெட் ஆசிட்டைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. 2001-ல் பெங்களூரிலிருந்து வந்த ரேவா கார் ஓடியதே அதில்தான், 6 வோல்ட் பேட்டரி எட்டு, மொத்தம் 48 வோல்ட். ஆனால் தினமும் ஆழமாக இறக்கினால் நல்ல பராமரிப்பிலும் 300 முதல் 500 தடவைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். லித்தியம் ஃபெரோ பாஸ்பேட் 2,000 தடவைக்கு மேல் வரும். 48 வோல்ட் 100 ஏஎச் லித்தியம் சுமார் 50 கிலோ எடையில் ஆட்டோவை 70 கிலோமீட்டர் கொண்டு போகும், வேகமாக இழுத்தாலும் அளவு பெரிதாகக் குறையாது. தினம் ஓடி சம்பாதிக்கிற வண்டிக்கு லித்தியம், குறைவாக ஓடுகிற வண்டிக்கு லெட் ஆசிட் என்று பிரித்துக்கொள்ளலாம்.

ஆர்.சி. கட்டாயம் மாற்ற வேண்டும். பதிவுள்ள பெட்ரோல் வண்டியை மாற்ற ஏஐஎஸ்-123 என்ற தரத்தின்படி புனே ஏஆர்ஏஐ போன்ற நிறுவனத்தில் சோதித்து ஒப்புதல் பெற்ற கிட் மட்டுமே போடலாம், அதையும் அந்த கிட் கம்பெனி அனுமதித்தவர்தான் பொருத்த வேண்டும். பிறகு உங்கள் ஆர்.சி. எந்த ஆர்.டி.ஓ.வில் இருக்கிறதோ அங்கே எரிபொருள் வகையை மாற்றி எழுத வேண்டும், இன்சூரன்ஸிலும் தெரிவிக்க வேண்டும். கிட் எந்த பேட்டரியோடு ஒப்புதல் வாங்கியது என்று வாங்கும் முன்பே பாருங்கள். நீங்களாக வேறு பேட்டரி மாற்றிப் போட்டால் அந்த ஒப்புதல் செல்லாது, விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கையை விரித்துவிடும்.

எம்.சி.பி. விஷயத்தில் மெக்கானிக் சொல்வதைக் கேட்காதீர்கள். வீட்டுக் கரண்ட் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டு வரும், அதனால் சுவிட்ச் பிரியும்போது எழும் தீப்பொறி தானாக அணையும். பேட்டரி கரண்ட் அப்படிப் பூஜ்யத்துக்கு வராது. வீட்டு எம்.சி.பி. உள்ளே தீப்பொறி அணையாமல் நின்று எரிந்து உருகிவிடும். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வேறு வரும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். டி.சி. என்று எழுதிய ஃபியூஸை, செட்டின் மொத்த வோல்டேஜுக்கு மேல் தாங்குவதாகப் பார்த்து, முதல் பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஒரு சாணுக்குள் போடுங்கள். ஒயர் முனையில் மாட்டும் லக் என்ற உலோகத் துண்டை சுத்தியலால் தட்டாமல் கிரிம்பிங் கருவியால் அழுத்தச் சொல்லுங்கள். முதல் வாரம் ஓடி வந்ததும் டெர்மினல் ஒவ்வொன்றின் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டு போய்ப் பாருங்கள், மற்றதை விட ஒன்று சூடாகத் தெரிந்தால் அந்த போல்ட் லூஸ், வண்டியை ஆஃப் செய்து ஃபியூஸைக் கழற்றிவிட்டு முறுக்குங்கள்.